செருப்பைப் பார்த்த முகம்

செய்தியைச் சொன்னது பிகாஷ். ஒரகடத்துக்குப் பக்கத்தில் சீரியலுக்காக வாடகைக்கு எடுத்திருக்கும் பங்களாவில், வேலைக்காரிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நான் நின்றிருந்தேன். ஷாட்டுக்கு முன்னால் போனைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். இடுப்பில் செருகியிருந்த போனோ விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. தட்டை மேடையில் வைத்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, நம்ம ஏகா அண்ணன் பூட்டாருக்கா. காலைல மோட்டார் போட்டுட்டு வந்து குந்தினாரு, அப்டியே சாஞ்சிட்டாரு. நீ வூட்டுக்கு வந்துடுக்கா" என்றான்.

பிகாஷ் ஒடிசாக்காரன். மண்ணூரில் ஏகாம்பரம் கட்டிவிட்டிருக்கும் வாடகை அறைகளில் ஒன்றில் பல வருடமாகக் குடியிருப்பவன். பென்னலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் லைனில் வேலை. அவன் தமிழ் அப்படித்தான் இருக்கும், அசல் மண்ணூர்த் தமிழ். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

உடனே கிளம்பவேண்டும் என்றேன். இந்த ஒரு சீன் மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினான் இயக்குநர். முந்தின நாள் படப்பிடிப்பில் நான் காபித் தட்டோடு சமையலறையை விட்டுக் கிளம்பியிருந்தேன். இன்று அந்தக் காபி கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். எங்கள் சீரியலில் ஒரு காபி சமையலறையிலிருந்து கூடத்துக்கு வர ஒரு நாள் ஆகும், ஆறவும் ஆறாது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன காபியைக் கொண்டுபோய்ச் சோபாவில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, முகப்பூச்சைக்கூடத் துடைக்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். சாவு வீட்டில் என் மூஞ்சியைப் பார்த்த சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். ஏகாம்பரம் அண்ணன் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் மண்ணூர் ஏகாம்பரம். மீதிப் பேருக்கு, டிவியில் மட்டும் பார்த்தவர்களுக்கு, அவருக்குப் பெயரே கிடையாது. 'அந்த இந்திக்கார வாட்ச்மேன்', அவ்வளவுதான். ஒரு சீரியலில் பகதூர், இன்னொன்றில் பாபுலால், வேறொன்றில் வெறும் 'டேய் வாட்ச்மேன்'. அவர் குடும்பம் மண்ணூரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. அவர் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லைனுக்குப் போனார். பக்கத்து மெஷினில் நின்ற பீகார்ப் பையன்களோடும் ஒடிசாப் பையன்களோடும் பேசிப் பேசி இந்தி கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒரு சீரியல் கூட்டம் ஒரகடத்தில் வந்து இறங்கியது. பங்களா கேட்டில் நிற்க இந்தி பேசுகிற ஆள் ஒருவர் தேவை. வேடிக்கை பார்க்கப் போனவர் இரண்டு வார்த்தை இந்தியில் பேசினார். யூனிபார்மைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவரைத் தமிழராக யாரும் நடிக்கக் கூப்பிடவே இல்லை.

நான் அதே பங்களாவில் வேலைக்காரி. பெயர் ரெஜினா. சீரியலில் முனியம்மா, செல்லம்மா, ஆயா, இப்படி ஏதாவது. எங்கள் இருவருக்கும் படப்பிடிப்பில் இடம் பின்கட்டுப் படிக்கட்டு, ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில். கூடத்துச் சோபாவில் பணக்காரர்களாக நடிப்பவர்கள்தான் உட்காரலாம், ஷாட் இல்லாத நேரத்திலும். யாரும் எழுதிவைத்த விதி இல்லை. ஒருநாள் கால் வலிக்கிறதே என்று நான் சோபா ஓரத்தில் உட்கார்ந்தேன். உதவி இயக்குநர் ஓடிவந்து, கவர் அழுக்காகிவிடும் என்றார். மாமியாராக நடிக்கும் அம்மாள் அதே சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தார். அவர் படுத்தால் அழுக்காகாது போலிருக்கிறது. நான் கத்த வாயெடுத்தபோது ஏகாம்பரம் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "வுடு ரெஜினா. நடிக்கிறப்ப மட்டும்தான் அவங்க பணக்காரங்க, நாம ஏழைங்கன்னு நெனச்சிக்கினு கீறியா? இங்க எவனும் கட்டே சொல்றதில்ல" என்றார். அன்றைக்குப் பூராவும் அவர் மேல் எனக்குக் கோபம். என்னைக் கத்தவிட்டிருக்கலாம்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு உத்தேசம் இல்லை. மீசைக்கு மை பூசாமல் வெளியே வரமாட்டார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது செல்பி கேட்டால் அந்தக் கதையை ஒரு மாதம் சொல்லுவார். வாடகை அறைகளின் தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டிருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் சாவிக்கு அவர் வீட்டு வாசலில் நிற்பதை நானே பார்த்து, இது என்ன அநியாயம் என்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் மனைவி கன்னியம்மா என் பக்கம்தான் பேசுவாள். அவர் மட்டும் சாவியை மடியிலிருந்து எடுக்கமாட்டார்.

ஆனால் ஒன்று. சீரியலை அவர் பார்க்கிற விதமே தனி. பங்களாக் கூடத்தில் காலை டிபன் காட்சி எடுப்பார்கள். பட்டுச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாகப் பெண்கள், கோட்டுப் போட்ட ஆண்கள். எல்லோரும் சாப்பிடுவார்கள், சதி செய்வார்கள், அழுவார்கள். மறுபடி சாப்பிடுவார்கள். "இந்த வூட்ல ஒருத்தனுக்காவது ஷிப்ட் கீதா பாரு" என்பார் அண்ணன். சீரியலில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய தொழிற்சாலை உண்டு. அதைக் கைப்பற்றத்தான் மொத்தச் சண்டையும். இத்தனை எபிசோடில் அந்தத் தொழிற்சாலையின் உள்பக்கத்தை ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. கையெழுத்துப் போட ஒரு பைல் வரும், அதுதான் தொழிற்சாலை. பங்களா கேட்டில் நின்று பார்த்தால் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். பாதிப் பேர் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போவார்கள். கேமராவில் அந்த பஸ் தப்பித்தவறி விழுந்துவிட்டால் கட் சொல்லி, பஸ் போன பிறகு மறுபடி எடுப்பார்கள். அண்ணன் கேட்டில் நின்றபடியே எனக்குக் கண்ணைக் காட்டுவார்.

அப்புறம் அந்தத் தமிழ். 'நம்பள் பாத்தான் சாப், நிம்பள் சொல்லு சாப்' என்று ஒரு தமிழை வாட்ச்மேனுக்கு என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். உலகத்தில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பங்களாவின் மூத்த மருமகளாக நடிக்கிற பெண் பெங்களூருக்காரி, நல்ல பெண். தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று வசனத்தைச் சொல்லச் சொல்ல வாயை அசைப்பாள். பிறகு வேறொருத்தி அழகான தமிழில் குரல் கொடுப்பாள். தமிழ் தெரியாத பெண் செந்தமிழ்க் குலவிளக்கு. மண்ணூரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் தமிழ் தெரியாத வடக்கத்திக்காரர். இதில் யார் எந்த ஊர் என்று தீர்மானித்தது பிறப்பு அல்ல, போட்ட சட்டைதான்.

பிகாஷும் அறைப் பையன்களும் அண்ணன் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்து சீரியல் பார்ப்பார்கள். அவர்களில் பலர் தமிழ் பழகியதே அப்படித்தான். பிகாஷ் ஒருநாள் ரொம்பத் தயங்கிக் கேட்டானாம், அண்ணா, வீட்டில் நன்றாகத்தானே பேசுகிறீர்கள், டிவியில் மட்டும் ஏன் வாய் அப்படிக் கோணிக்கொள்கிறது என்று. அது நீதான்டா என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "ஆனா அவனுங்க சிரிக்கல ரெஜினா" என்றும் சொன்னார்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னால், கேமரா ஒவ்வொரு முகமாகப் போய்த் திடும் திடும் என்று நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு ரியாக்‌ஷன் என்று பெயர். பெரிய நடிகர்களின் ரியாக்‌ஷனை அந்தந்தக் காட்சியிலேயே எடுப்பார்கள். வாட்ச்மேன், வேலைக்காரி, டிரைவர் ஆகிய எங்களுக்கு அந்த மரியாதை கிடையாது. என்றைக்காவது வெளிச்சம் மிச்சமிருக்கும்போது எங்களை வரிசையாக நிறுத்தி, அதிர்ச்சி ஒன்று, பயம் ஒன்று, தலை குனிவது ஒன்று என்று மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஸ்டாக். எடிட்டிங்கில் எங்கே நேரம் போதவில்லையோ அங்கே எங்கள் மூஞ்சியை எடுத்துச் செருகிக்கொள்ளலாம். என்ன நடந்ததென்று எங்களுக்கே தெரியாத விஷயத்துக்கெல்லாம் நாங்கள் அதிர்ச்சி அடைந்திருப்போம்.

பங்களாவில் வைர நெக்லஸ் காணாமல் போகிற கதை வந்தது. எடுத்தது இளைய மருமகள் என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்த எபிசோடுக்கு நீளம் கொஞ்சம் குறைகிறது என்று எடிட்டர், ஸ்டாக்கிலிருந்து அண்ணன் தலை குனிகிற ஷாட்டை எடுத்து, 'யாருடா எடுத்தது' என்ற வசனத்துக்கு அடுத்து வைத்துவிட்டான். எந்தத் துவேஷமும் இல்லை, இடத்தை நிரப்பினான், அவ்வளவுதான். பார்த்தவர்களுக்குப் போதும். வாட்ச்மேன்தான் திருடினான் என்று வீடு வீடாகப் பேச்சு. சேனலுக்கும் அது பிடித்துவிட்டது. இளைய மருமகள் திருடினால் குடும்பப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள், வாட்ச்மேன் திருடினால் கோபித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? கதையை அப்படியே திருப்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நிரப்புவதற்காக வைத்த ஒரு மூஞ்சி கதையாகிவிட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து நான் நேராக மண்ணூருக்குப் போயிருந்தேன், கன்னியம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன் என்று கூப்பிட்டிருந்தாள். இலை போடும் நேரத்தில் பின்னால் அறைகளின் பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பிகாஷின் கதவைச் சுற்றி ஒரு கூட்டம். பக்கத்து வீட்டு மூர்த்தியின் மனைவி செல்வி, குளிக்கும்போது கழற்றி ஜன்னலில் வைத்த செயினைக் காணோம். அந்த ஜன்னல் அறைகளின் நடையைப் பார்த்த ஜன்னல். பிகாஷ் அந்த நேரத்தில் அந்த வழியாகப் போனானாம். போகாமல் எப்படி, அவன் அறைக்கு வேறு வழி கிடையாது.

மூர்த்தி கெட்டவன் இல்லை. அவனும் கம்பெனிக்குப் போகிறவன்தான். பொண்டாட்டியின் செயின் போன ஆத்திரம். பிகாஷ் கதவோரமாகச் சுவரில் ஒட்டி நின்றுகொண்டிருந்தான். தலை தொங்கிக் கிடந்தது.

"கேட்டா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்றான். எடுக்காதவன் எதுக்கு இப்டி தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்கணும்?" என்றான் மூர்த்தி.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், பாவம், யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னாள். "நம்ம ஏகாம்பரம்கூட அன்னிக்கி டிவில இப்டித்தான நின்னாரு. பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சி, இவன்தான்னு."

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. வாட்ச்மேனாக வருடக்கணக்கில் நின்ற மனிதர், தான் ஊருக்கே எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று அந்த இடத்தில்தான் புரிந்துகொண்டார். போலீஸைக் கூப்பிடுவோம் என்று ஒருவர் போனை எடுத்தார். பிகாஷ் மாதிரி ஆள் ஒருதரம் ஸ்டேஷனுக்குப் போனால் வேலை போகும், அறை போகும், இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் கான்ட்ராக்டர் சேர்க்கமாட்டான். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

அண்ணன் நடுவில் போய் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னிக்கி நான் எதுக்குத் தலைய குனிஞ்சேன் தெரிமா? நகை காணாம போறதுக்கு ரொம்ப நாள் முன்னாடி எடுத்த ஷாட்டு அது. குனியச் சொன்னப்ப என் செருப்பு வாரு அறுந்துகினு கெடந்துது. வூட்டுக்கு எப்டிப் போறதுன்னு செருப்பப் பாத்துக்கினு இருந்தேன். அத எடுத்து நகைக்குப் பக்கத்துல வெச்சிட்டானுங்க. நீங்க திருடன்னுட்டீங்க."

மூர்த்தி, அது டிவி, இது நெசம் என்று முணுமுணுத்தான்.

"போலீஸுக்குத் தாராளமா போ மூர்த்தி. போறப்ப என் பேரையும் சேத்து எழுதிக் குடு. மொதல்ல தலைய குனிஞ்சவன் நான்தான" என்றார் அண்ணன்.

மூர்த்தி போகவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. செயின் கிடைத்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை கிடைக்கவில்லை. காக்கை தூக்கிக்கொண்டு போனதோ, சாக்கடையில் விழுந்ததோ, யார் கண்டது. செல்வி ரொம்ப காலம் கன்னியம்மாவோடு பேசவில்லை. சீரியலாக இருந்தால் அரிசிப் பானைக்குள்ளிருந்து செயின் வந்திருக்கும், செல்வி அழுதுகொண்டே பிகாஷ் காலில் விழுந்திருப்பாள். மண்ணூரில் அப்படியெல்லாம் நடக்காது. பிகாஷ் மட்டும் அங்கேயே இருந்தான்.

கூட்டம் போன பிறகு பிகாஷை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள் கன்னியம்மா. அவன் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தான். நிமிர்ந்து மூர்த்தி முகத்தைப் பார்த்து நான் எடுக்கவில்லை என்று சொல்லவேண்டியதுதானே என்று நான் அவனைத் திட்டினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நிமிந்து பாத்தா மொறைக்கிறான்னு சொல்வாங்கக்கா. லைன்லயும் அப்டித்தான், பஸ்லயும் அப்டித்தான். குனிஞ்சா பிரச்சன வராதுன்னு நெனச்சேன்" என்றான்.

அண்ணன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "ரெண்டு பக்கமும் அடைச்சி வெச்சிகீறோம் ரெஜினா. அவன் மூஞ்ச எங்கதான் வெச்சிக்குவான்?" என்றார். அந்த வாரம்தான் மோட்டார்ப் பெட்டியின் பூட்டைக் கழற்றினார் என்று கன்னியம்மா பின்னால் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குத் துருப்பிடித்துவிட்டது என்றாராம்.

அடுத்த படப்பிடிப்பில் வாட்ச்மேன் பிடிபடும் காட்சி. கூடத்தின் நடுவில் நிறுத்தி, மூத்த மருமகள் கேள்வி கேட்க, அவர் தலை குனிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் நடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. திருடினேன் என்று சொல்கிறேன், என்ன வசனம் வேண்டுமானாலும் சொல்கிறேன், தலையை மட்டும் குனியமாட்டேன் என்றார். எங்கள் இயக்குநர் மதுரைப் பக்கத்துப் பையன். சென்னையில் மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு தங்கிக்கொண்டு, சேனலிலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் நடுங்குகிறவன். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

"அண்ணே, தப்புச் செஞ்சவன் குனிஞ்சாத்தானண்ணே ஜனங்களுக்குப் புரியும்" என்றான்.

"புரிஞ்சிபோச்சி தம்பி. அதான் பிரச்சனையே" என்றார் அண்ணன்.

எடுத்துத்தான் பார்ப்போம் என்று கேமராவை ஓடவிட்டார்கள். அண்ணன் கூடத்தின் நடுவில் நின்று நேராகப் பார்த்தார். முறைக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் எதிரே வரும் ஒருவரைப் பார்ப்பது போல, இன்னா விசயம் என்று கேட்பது போல, சும்மா பார்த்தார். பெங்களூர்ப் பெண்ணுக்குப் பக்கத்திலிருந்து வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், அவள் வாய் அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தேன். தமிழ் தெரியாத அந்தப் பெண்ணுக்கு அவர் பார்வை சொன்னது புரிந்தது என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அவர் ஜெயித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அந்த ஷாட்டை ஒதுக்கிவிட்டார்கள். ஸ்டாக்கில் இருந்த அதே பழைய ஷாட்டை, செருப்பைப் பார்க்கிற அதே மூஞ்சியை, நெருக்கமாகப் பெரிதாக்கி வைத்து, வேறொருவரைக் கொண்டு 'நம்பள்தான் எடுத்தான் சாப்' என்று குரல் கொடுத்துவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவரைத் திருடனாக்கியாகிவிட்டது. அவருடைய முகம், எவனோ ஒருவனின் குரல். அதற்கப்புறம் அவரை எந்தச் சீரியலுக்கும் கூப்பிடவில்லை. முரண்டு பிடிக்கிற ஆள் என்று பேர் வந்துவிட்டது.

அந்த எபிசோடு ஓடிய அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன், வேண்டுமென்றேதான் போயிருந்தேன். முன்னறையில் ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகம் திரை நிறைய வந்தது. இசை அலறியது. எனக்கு அண்ணனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போது பிகாஷ் மெதுவாகக் கேட்டான். "அண்ணா, இது செருப்பு பாக்குற ஷாட்டுதான?"

அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். இடது கால் செருப்பா, வலது கால் செருப்பா என்று ஒருவன் கேட்டான். அண்ணன் எழுந்து காலைத் தூக்கிக் காட்டினார். கன்னியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டாள், சொல்ல ஒருவருக்கும் மூச்சு இல்லை. தமிழ்நாடு முழுவதும் அந்த நேரத்தில் ஒரு திருடனைப் பார்த்தது. மண்ணூரில் ஒரு அறையில் மட்டும் அறுந்த செருப்போடு வீட்டுக்குப் போக வழி யோசிக்கிற ஒரு மனிதரைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் சிரித்து நான் அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை.

இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் பெரிய தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. டிவியில் ஏழைகளை எப்படிக் காட்டுகிறார்கள், வெளியூர்க்காரர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று படித்தவர்கள் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஏகாம்பரம் அண்ணன் அதைப் பேசவில்லை. தன் கழுத்தால் செய்ய முடிந்த ஒன்றே ஒன்றைச் செய்தார், அதையும் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

சாவன்று ஊர்ப் பையன்களுக்கு ஒரு ஆசை. மண்ணூர் கூட்டு ரோட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும், டிவியில் வந்த படமாகப் போட வேண்டும் என்று. என்னிடம் கேட்டார்கள். நான் எடிட்டருக்குப் போன் போட்டேன், அந்த ஷாட்டை நகைக்குப் பக்கத்தில் வைத்த அதே எடிட்டர்தான். அவன் அத்தனை எபிசோடையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். சல்யூட் அடிக்கிறார், கேட்டைத் திறக்கிறார், தலை குனிகிறார், இவ்வளவுதான் இருக்கிறது அக்கா என்றான். நிமிர்ந்த மாதிரி ஒன்றுகூட இல்லையா என்றேன். ஒளிபரப்பாகாதது ஒன்று இருக்கிறது, அழிக்க மனசு வராமல் வைத்திருந்தேன் என்றான்.

அதுதான் பேனரில் இருக்கிறது. கூட்டு ரோட்டில் ஷிப்ட் பஸ்களுக்குக் காத்து நிற்கிறவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவரும் உங்களைப் பார்க்கிறார். ஊர்வலத்தில் பாடைக்கு முன்னால் உறவுக்காரர்கள் போனார்கள். பின்னால், லீவு போட்டுவிட்டு வந்த அறைப் பையன்கள். பிகாஷ் தலை குனிந்து அழுதுகொண்டே நடந்தான். மூர்த்தி அவன் தோளில் கை போட்டிருந்தான். எதற்காகக் குனிந்திருக்கிறான் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் எதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன நாளில், பங்களாவில் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஸ்டாக் எடுக்க எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். கதையில் அடுத்து பீரோ சாவி காணாமல் போகப்போகிறது என்று ஒரு பேச்சு இருந்தது. எனக்குக் கணவர் இல்லை, மகள் கல்லூரியில் படிக்கிறாள், இந்த வேலையை விட்டால் இந்த வயதில் வேறு வேலை தேட வேண்டும். இதையெல்லாம் அங்கே நின்றுகொண்டே நினைத்துக்கொண்டேன், மறைப்பானேன்.

அதிர்ச்சி கேட்டார்கள், கொடுத்தேன். பயம் கேட்டார்கள், அதுவும் கொடுத்தேன், அன்றைக்கு அது சுலபமாகவே வந்தது. "அம்மா, இப்ப தலை குனியிறது ஒண்ணு" என்றான் இயக்குநர்.

"அது எங்கிட்ட ஸ்டாக் இல்ல தம்பி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கட் சொல்லவில்லை. மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா, தெரியாது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.